பூண்டித் தண்ணீரும் நம்ம ஊராட்சியும்: தீரர் சத்தியமூர்த்தியின் கதை



சுதந்திரப் போராட்டத் தலைவர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சிறை, ஊர்வலம், மேடைப் பேச்சு. தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் குப்பை வண்டியும் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் அந்தத் தலைவர்களில் பலர் இந்த வேலைகளையும் பார்த்தவர்கள்தான். மலாயாவில் நம் தாத்தா பாட்டிகள் யார் பின்னால் அணிவகுத்தார்களோ அந்த நேதாஜி, 1924-ல் கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரி. அப்போது அவருக்கு வயது 27. 1930-ல் அதே நகரத்துக்கு மேயர் ஆனார். வல்லபாய் பட்டேல் அகமதாபாத் நகராட்சிக்குத் தலைவராக இருந்தார். நேரு அலகாபாத்துக்கு, ராஜாஜி சேலத்துக்கு, பெரியார் ஈரோட்டுக்கு. இவர்கள் எல்லோரும் நாட்டைப் பற்றிப் பேசிய அதே காலத்தில், அல்லது அதற்கு முன்பே, ஒரு ஊரின் வரவு செலவுக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர்கள்.

அந்த வரிசையில் இன்னொருவர் தீரர் சத்தியமூர்த்தி. காமராஜரின் அரசியல் குரு என்று ஒரு வரியில் கேள்விப்பட்டிருப்போம். ஒரு வரியோட விட்டுட வேண்டிய மனுஷன் இல்லை அவர்.

திருமயத்துப் பையன்

1887 ஆகஸ்ட் 19-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் திருமயம் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வக்கீல். பையன் சின்ன வயதாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மாவையும் கூடப் பிறந்தவர்களையும் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சீக்கிரமே தோளில் விழுந்தது. நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் நடந்த கதைதான் இது. புதுக்கோட்டையில் மகாராஜா கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரி, பிறகு சட்டக் கல்லூரி என்று படித்து வக்கீல் ஆனார்.

வக்கீல் தொழிலில் பணம் சேர்க்க நல்ல வாய்ப்பு இருந்தது. அவர் மனசு அரசியலுக்குப் போனது. 1919-ல், முப்பதுகளின் தொடக்கத்தில், காங்கிரஸ் அனுப்பிய குழுவில் ஒருவராக லண்டன் போனார். இந்தியாவுக்கு எந்த மாதிரி ஆட்சிச் சீர்திருத்தம் வேண்டும் என்று அங்கே எடுத்துச் சொல்வதுதான் வேலை. தமிழிலும் ஆங்கிலத்திலும் தடையில்லாமல் பேசுவார். நாடகத்தில் நடிப்பார். கர்நாடக இசை என்றால் உயிர். கலைஞர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கிய காலத்தில் அவர்களை மதித்து அரசியல் மேடைக்குக் கூட்டி வந்தவர். கே. பி. சுந்தராம்பாளைக் காங்கிரஸ் பிரசாரத்துக்கு வரவழைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

உள்ளே போவதா, வெளியே நிற்பதா?

1920-களில் காங்கிரசுக்குள் ஒரு பெரிய சண்டை. வெள்ளைக்காரன் அமைத்த சட்டசபைக்குள் நாம் போகலாமா கூடாதா என்பதுதான் கேள்வி. போகவே கூடாது, புறக்கணிக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. சி. ஆர். தாஸும் மோதிலால் நேருவும் வேறு மாதிரி நினைத்தார்கள். சபை குறையுள்ளதுதான், அதிகாரமும் நம் கையில் இல்லைதான், இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்து அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சுயராஜ்யக் கட்சியின் பக்கம் நின்றவர் சத்தியமூர்த்தி. 1923-ல் சென்னைச் சட்டசபைக்கு உறுப்பினராகப் போனார். பிறகு டில்லியில் மத்திய சட்டசபை.

டில்லியில் அவர் பெயர் வாங்கியது கேள்வி நேரத்தில்தான். அதிகாரிகள் எழுதிக்கொண்டு வந்த பதிலை வாசித்துவிட்டு உட்காரலாம் என்று பார்ப்பார்கள். இவர் துணைக்கேள்வி மேல் துணைக்கேள்வியாகப் போடுவார். கணக்கு என்ன, யார் அனுமதித்தது, எப்போது முடியும்? சபையில் பெரும்பான்மை இல்லாவிட்டாலும் கேள்விக்குத் தடை இல்லை என்பதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். இந்தப் பழக்கத்தை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில் நமக்கும் தேவைப்படும்.

1937-ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அந்த வெற்றிக்காக ஊர் ஊராகப் பேசியவர் சத்தியமூர்த்தி. ஆனால் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் அவருக்கு இடம் இல்லை. நாமாக இருந்தால் கட்சியை விட்டே போயிருப்போம், இல்லை குறைந்தது வாட்ஸ்அப் குழுவை விட்டாவது வெளியேறியிருப்போம். அவர் டில்லி வேலையையும் கட்சி வேலையையும் தொடர்ந்து பார்த்தார். இரண்டு வருஷம் கழித்து அவருக்குக் கிடைத்தது ஒரு நகரத்தின் மேயர் பதவி.

அதிகாரம் இல்லாத நாற்காலி

1939-ல் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். 1688-ல் தொடங்கிய பழைய மாநகராட்சி அது. பதவிக்காலம் ஒரு வருஷம்தான். அதைவிட முக்கியமான விஷயம், நிர்வாக அதிகாரம் மேயர் கையில் இல்லை. அது அரசாங்கம் நியமிக்கிற கமிஷனர் கையில் இருந்தது. மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கலாம், பேசலாம், பேசி இணங்க வைக்கலாம். அவ்வளவுதான்.

நேரமும் சரியில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் உலகப் போர் தொடங்கியது. இந்தியர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. மாகாணம் நேராக ஆங்கிலேய கவர்னரின் ஆட்சிக்குப் போனது. மேயரோ காங்கிரஸ்காரர். கவர்னருக்கு எதிர்க்கட்சி மாதிரி.

நகரத்தின் பிரச்சினையோ தண்ணீர். 1931 கணக்கெடுப்பிலேயே சென்னையில் சுமார் ஆறரை லட்சம் பேர். வருஷா வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். 1872 முதல் செங்குன்றம் ஏரித் தண்ணீரை நம்பி இருந்த ஊர். மழை ஏமாற்றினால் ஏரி வற்றும், குழாயும் வற்றும். நிரந்தரப் பெரிய ஆறு பக்கத்தில் கிடையாது. மேற்கே கொசஸ்தலையாறு ஓடுகிறது. மழைக்காலத்தில் பொங்கி வந்து கடலில் கலந்துவிடும், கோடையில் வெறும் மணல்.

நான் செமினியில் சிவில் இன்ஜினியரிங் படிக்கிறவன். எங்கள் பாடத்தில் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: தண்ணீர் வருகிற நாளும் தண்ணீர் தேவைப்படுகிற நாளும் ஒன்றாக இருக்காது, அந்த இடைவெளியை நிரப்புவதுதான் நீர்த்தேக்கம். பூண்டியில் கொசஸ்தலையாற்றைத் தடுத்து மழைக்கால வெள்ளத்தைத் தேக்குவது, அங்கிருந்து கால்வாய் வழியாகச் சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்கு அனுப்புவது. அதுதான் திட்டம். கேட்க எளிது. ஆனால் போர் நேரத்தில் அரசாங்கத்தின் கவனமும் பணமும் போருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நகரத்தின் குழாய்த் தண்ணீர் யாருக்கு அவசரம்?

சத்தியமூர்த்திக்கு அவசரம். உத்தரவு போட அதிகாரம் இல்லாத மேயர், பேச்சையும் பிடிவாதத்தையும் வைத்தே அரசாங்கத்தை ஒப்புக்கொள்ள வைத்தார். 1940 ஆகஸ்ட் 8-ல் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் கவர்னர் சர் ஆர்தர் ஹோப். யோசிச்சுப் பாருங்க. எந்த ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போனாரோ அந்த ஆட்சியின் கவர்னர் பக்கத்தில் நின்று கல் நாட்ட வேண்டியிருக்கிறது. கௌரவம் பார்த்திருந்தால் ஒதுங்கியிருக்கலாம். ஊர்க்காரனுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அவருக்குத் தன் கௌரவத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதற்காகக் கொள்கையை விட்டுவிடவும் இல்லை. அதே காலத்தில் காந்திஜி அறிவித்த தனிநபர் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு மறுபடி சிறைக்குப் போனார்.

பார்க்காமலே போனவர்

1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம். சத்தியமூர்த்தியைக் கைது செய்து வெகுதூரம் அமராவதிச் சிறைக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பயணத்தில் முதுகுத்தண்டில் அடிபட்டது. உடம்பு தேறவே இல்லை. 1943 மார்ச் 28-ல் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55.

பூண்டி நீர்த்தேக்கம் 1944-ல் திறக்கப்பட்டது. தான் போராடி வாங்கிய தண்ணீரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. பின்னாளில் அந்த நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர் வைத்தார்கள். இன்று அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996 முதல் ஆந்திராவிலிருந்து வருகிற கிருஷ்ணா நதி நீரும் முதலில் வந்து சேர்கிற இடம் பூண்டிதான். ஒரு வருஷப் பதவி. எண்பது வருஷம் தாண்டியும் ஒரு மாநகரம் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

குருவைப் பற்றிச் சொன்னால் சீடனையும் சொல்ல வேண்டும். 1936-ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரசுக்குத் தலைவர், காமராஜர் செயலாளர். 1940-ல் காமராஜர் தலைவராகத் தேர்வானார், சத்தியமூர்த்தி அவருக்குக் கீழே செயலாளராக இருந்தார். நம்ம சங்கங்களில் முன்னாள் தலைவர் அடுத்த வருஷம் செயலாளராக இறங்கி வேலை பார்ப்பாரா? அந்த அடக்கம் சீடனுக்கும் வந்தது. 1941-ல் காமராஜர் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியே வந்தவர், முழு நேரம் உழைக்க முடியாத பதவியில் உட்காரக் கூடாது என்று சொல்லி அதைவிட்டு விலகினார். ஊராட்சிப் பதவி சின்னது என்று நினைத்து விலகவில்லை. அதற்கு முழு ஆள் வேண்டும் என்று நினைத்து விலகினார்.

நம் மரபில் இது புதுசா?

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். திங்களூரில் அப்பூதியடிகள் அதைத்தான் செய்தார். தான் பார்த்தேயிராத திருநாவுக்கரசர் பெயரை வைத்து, வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் நடத்தினார். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது சிவத்தொண்டு என்றால், ஒரு நகரத்துக்கே வருஷம் முழுவதும் தண்ணீர் வருவதற்கு ஏற்பாடு செய்வதும் தொண்டுதானே?

உத்திரமேரூர் கல்வெட்டும் நமக்குத் தெரிந்ததுதான். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தக சோழன் காலம். 30 குடும்புகள், அதாவது 30 வார்டுகள். குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள். தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று தனித்தனிக் குழுக்கள். பதவி ஒரு வருஷம். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் வர முடியாது. அது எல்லோருக்குமான ஜனநாயகம் கிடையாது. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும். வயதும் 35-க்கு மேல் இருக்க வேண்டும், அதனால நம்மள உள்ளே விட்டிருக்க மாட்டாங்க. ஆனாலும் ஏரியைப் பார்த்துக்கொள்வது ஊர்க்காரர்களின் வேலை, அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

மலேசியாவில் நடந்தது

இங்கேயும் ஊராட்சித் தேர்தல் இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் 1955-ல்தான். அதாவது மலாயா மக்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது ஊராட்சிக்குத்தான். 1957-ல் ஜார்ஜ் டவுன் மாநகரம் ஆனது. அதன் தொடக்ககால மேயர்களில் ஒருவர் தமிழர், தொழிற்கட்சியின் டி. எஸ். இராமநாதன். பினாங்கில் இன்றும் அவர் பெயரில் சாலை உண்டு.

1965-ல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே வருஷம் ஊராட்சி மன்றங்களை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைவர் ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி. நாகப்பன். மேற்கு மலேசியாவில் அப்போது இருந்த 370-க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்களைப் பற்றி ஆராய்ந்து, 1968-ல் அறிக்கை கொடுத்தார்கள். ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதுதான் அதன் முடிவு. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171, தேர்தலுக்குப் பதிலாக நியமனத்தை நிலையாக்கியது. இன்று நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. தலைவரைத் தவிர்த்து அதிகபட்சம் 24 பேர்.

தேர்தல் திரும்ப வர வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, அது வாதாட வேண்டிய விஷயம். ஆனால் தேர்தல் இல்லை, அதனால நமக்கு இதுல வேலை இல்லைன்னு உட்கார்ந்துட்டா, சத்தியமூர்த்தி கதையை நாம் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம். அவர் உட்கார்ந்த நாற்காலியிலும் அதிகாரம் இல்லை.

செமினியில் இருந்து பார்த்தால்

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நம்ம ஊரிலேயே அணை இருக்கிறது. அணைத் தண்ணீர் செமினி ஆற்றோடு கீழே போய், சுத்திகரிப்பு ஆலைக்குள் நுழைகிறது. 2016-ல் ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்ததால் அந்த ஆலை மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டு, லட்சக்கணக்கான வீடுகளுக்குத் தண்ணீர் வராமல் போனது. அணையில் தண்ணீர் இருந்தும் குழாயில் இல்லை. ஆற்றைப் பாதுகாப்பதில் மாநில, மத்திய இலாகாக்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் ஆற்றோரத்தில் என்ன கட்டலாம், எந்தக் கடைக்கும் தொழிற்சாலைக்கும் லைசன்ஸ் கொடுக்கலாம், சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்பதெல்லாம் நகராண்மைக் கழகத்தின் மேசைக்கு வருகிற விஷயங்கள். செமினிக்கு அது காஜாங் நகராண்மைக் கழகம்.

கோயிலையும் எடுத்துக்கொள்வோம். தோட்டங்கள் தாமான்களாக மாறின. தோட்டத்துக் கோயில் நிலம் வரைபடத்தில் வழிபாட்டு நிலமாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? அதைத் தீர்மானிக்கிற ஆவணங்களில் ஒன்று ஊராட்சியின் உள்ளூர்த் திட்ட வரைவு. சட்டப்படி அதை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். அந்த நாட்களில் நாம் போய்ப் பார்த்தோமா? கோயிலை இடிக்க நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட, வரைபடம் போடும்போது போய் நிற்பது சுலபம்.

இப்போது ஒரு இளைஞரால் என்ன செய்ய முடியும்?

முதலில், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கவுன்சிலர் யார் என்று கண்டுபிடியுங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் பெயர் எல்லோருக்கும் தெரியும். சாக்கடை அடைத்தால் போன் அடிக்க வேண்டியவர் பெயர்தான் தெரியாது.

இரண்டாவது, கூட்டத்துக்குப் போங்கள். சட்டம் 171-ன்படி, கழகமே வேறு மாதிரித் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்ததுதான். செயற்குழுக் கூட்டங்கள் அதில் சேராது. கூட்டக் குறிப்புகளை வரி கட்டுகிறவர்கள் பார்வையிடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை மதிப்பீட்டு வரி கட்டுகிற அப்பா அம்மாவுக்கு அந்த உரிமை இருக்கிறது. அவங்கள கூட்டிட்டுப் போங்க.

மூன்றாவது, கேள்வியை எழுத்தில் கேளுங்கள். தேதி, இடம், படம், கேட்கிற விஷயம் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். சத்தியமூர்த்தியின் துணைக்கேள்வி இதுதான்.

நான்காவது, குடியிருப்பாளர் சங்கத்திலும் ருக்குன் தெத்தாங்காவிலும் சேருங்கள். அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் நம் அப்பா வயதுக்காரர்கள். கணக்கு எழுத, கடிதம் தட்டச்சு செய்ய, வரைபடம் படிக்க ஒரு பையனோ பெண்ணோ வந்தால் கையைப் பிடித்து உள்ளே கூப்பிடுவார்கள். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்களும் நியமிக்கப்படுகிறார்கள். அவர்களோடும் பழகுங்கள். நாளைக்குக் கவுன்சிலர் பதவிக்குப் பெயர் கேட்கும்போது, ஊர் வேலை தெரிந்த இளைஞர் என்று சொல்ல நம்மிடம் பத்துப் பேராவது இருக்க வேண்டும்.

18 வயதில் ஓட்டுரிமை வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது. நடுவில் இருக்கிற வருஷங்களில்தான் சாக்கடை அடைக்கும், விளக்கு எரியாது, ஆறு நாறும்.

நம்ம மன்றக் கிளைகள் ஒவ்வொன்றும் இந்த வருஷம் ஒரே ஒரு விஷயத்தைக் கையில் எடுக்கட்டும். ஒரு சாக்கடை, ஒரு மைதானம், ஒரு கோயில் நில வரைபடம், எதுவானாலும் சரி. அது முடிகிற வரைக்கும் விடாமல் கேட்போம். முடியும்போது நாம் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருக்கலாம். பரவாயில்லை, நமக்குப் பின்னால் அந்தத் தாமானில் குடியிருக்கிறவர்களுக்கு அது பயன்படும்.